குணா சிரிக்காத படம்

ஜனவரி 6, திங்கள்

காலையில் தனபால் ஆபீசுக்குப் போய் வந்தேன். கோபி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் உட்கார்ந்து விசா எடுத்துத் தருகிறவர். வேலையில் சுறுசுறுப்பு, பேச்சில் அதைவிடச் சுறுசுறுப்பு. ஜனவரி 31ஆம் தேதி நானும் குணாவும் சென்னை விசா மையத்தில் நேரில் நிற்க வேண்டும் என்று தேதி வாங்கிவிட்டார். மற்றக் காகிதமெல்லாம் சரியாக இருக்கிறது, இனிப் பாக்கி போட்டோ மட்டும்தான் என்றார். அது ஒரு வேலையா என்று நினைத்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

சிந்துஜாவுக்கு மார்ச் நடுவில் நாள் கொடுத்திருக்கிறார்கள். பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்கு வருவதுதான் நம் வழக்கம். என் மகள் ஜெர்மனியில் இருப்பதால் தாய் பெட்டி கட்ட வேண்டியிருக்கிறது. மாப்பிள்ளைக்கு அம்மா இல்லை. எனக்குக் கணவர் இல்லை. ஆக, போனால் நான்தான் போக வேண்டும், போய் மூன்று மாதம் இருக்க வேண்டும்.

நான் போனால் குணா என்ன ஆவான் என்பதுதான் இந்த வீட்டில் இப்போது பேச்சு. குணசேகரன் என் தம்பி. வயது நாற்பத்தொன்று. டவுன் சிண்ட்ரோம் என்று கோயமுத்தூர் டாக்டர் எழுதிக் கொடுத்த சர்டிபிகேட் பீரோவில் இருக்கிறது. அம்மா இருந்தவரை அம்மா பார்த்துக்கொண்டார். அம்மா போன பிறகு நான் மின்வாரிய வேலையை முன்கூட்டியே விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறேன். “மாமாவையும் கூட்டிட்டு வாம்மா, முடிஞ்சா” என்கிறாள் சிந்துஜா. முடியாவிட்டால் பெருந்துறைப் பக்கம் ஒரு இல்லம் இருக்கிறது. அங்கே ஒரு இடம் காலியாக இருக்கிறது, மாதக் கடைசிக்குள் சொல்லிவிடச் சொல்லியிருக்கிறார்கள்.

மத்தியானம் பால் திரிந்துவிட்டது. சர்க்கரை போட்டுக் கிளறிக் கொடுத்தேன். குணா கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டான்.

ஜனவரி 7, செவ்வாய்

கடைவீதியில் சம்பத் ஸ்டுடியோ. சிந்துஜா கல்யாணத்துக்குப் படம் எடுத்தவர் என்பதால் அவரிடமே போனேன். என்னை உட்கார வைத்தார், எடுத்தார், முடிந்தது. படத்தில் நான் கரண்ட் பில் கட்டாதவன் வீட்டு வாசலில் நிற்பதுபோல இருக்கிறேன். முப்பது வருஷம் அந்த வேலை பார்த்த முகம், வேறு எப்படி இருக்கும்.

குணாவின் முறை வந்தது. காலையிலேயே அவன் சட்டையைத் தானே தேய்த்து, தலையை வழித்துச் சீவி, திருநீறு பூசிக்கொண்டு தயாராக இருந்தான். திருநீறு கூடாது என்று தனபால் சொல்லியிருந்தார். துடைக்கும்போது கொஞ்சம் முறைத்தான். ஸ்டூலில் உட்கார்ந்ததும் சிரித்தான். நான் சம்பத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, “சிரிக்காதடா” என்றேன். இன்னும் நன்றாகச் சிரித்தான். “வாய மூடு சாமி” என்றேன். மூடினான், கன்னம் இரண்டும் உப்பி, சிரிப்பு கண் வழியாக வந்தது. சம்பத்தும் சும்மா இல்லை. கல்யாண வீடுகளிலேயே காலம் தள்ளியவர், பழக்க தோஷத்தில், “சார் இங்க பாருங்க, லேசா ஒரு சிரிப்பு” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். குணாவுக்கு அது போதாதா.

எடுத்து எடுத்துப் பார்த்துச் சலித்துப்போய், “உடுங்க்கா, நான் கம்ப்யூட்டர்ல சரி பண்ணிக்கறேன்” என்றார். சரி என்று வந்துவிட்டேன். வரும் வழியில் சின்ன வெங்காயம் வாங்கினேன். வெங்காயம் உரிப்பது குணா வேலை. கண்ணில் தண்ணீர் வழியும், அப்போதும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் உரிப்பான்.

ஜனவரி 8, புதன்

போட்டோ வந்தது. அதில் குணா இல்லை.

வாய் மூடியிருக்கிறது. ஆனால் அது யார் வாயோ. நிறத்தை நன்றாக வெளுக்க வைத்திருக்கிறார். கன்னத்து மச்சத்தைக் காணோம். அதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்வேன், ஊரில் எல்லாருக்கும் செய்வதுதான், என் கல்யாணப் படத்தில்கூட எனக்குச் சுண்ணாம்பு அடித்துத்தான் வைத்திருக்கிறார்கள். கண்ணை மாற்றியிருக்கிறார். குணாவின் கண் ஓரத்தில் மேலே ஏறி இருக்கும், அந்தக் கண்ணை நேராக்கி அகலமாக்கி வைத்திருக்கிறார்.

போனில் கேட்டேன். “கண்ணக் கொஞ்சம் தெறந்து உட்டேனுங்க்கா, பாக்கறதுக்கு நல்லா இருக்கட்டும்னு” என்றார். நல்ல மனுஷன்தான், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதனால் இன்னும் கோபம் வந்தது.

குணாவிடம் படத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, “இது யாரு?” என்றான். சம்பத்தின் மச்சான் என்று சொல்லி வைத்தேன்.

ஜனவரி 10, வெள்ளி

தனபாலிடம் இரண்டு மாதிரிப் படத்தையும் காட்டினேன். சிரிக்கிற படத்தைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். மற்றதைப் பார்த்துச் சிரித்தே விட்டார்.

“இது வேண்டாமுங்க்கா. அங்க எறங்குனதும் மெஷின் மூஞ்சியப் பாக்கும். ஆளு வேறன்னு சொல்லிப்போட்டா ரெண்டு பேரும் அடுத்த பிளைட்டப் புடிச்சுத் திரும்பி வரோணும்.”

விதிகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். பின்னணி வெளிர் நிறமாக இருக்க வேண்டும். தலை சாயக் கூடாது. பார்வை நேராக இருக்க வேண்டும். இரண்டு கண்ணும் திறந்திருக்க வேண்டும். வாய் மூடியிருக்க வேண்டும். முகத்தில் எந்த உணர்ச்சியும் தெரியக் கூடாது. இதை எழுதியவர் குணாவைப் பார்த்ததில்லை.

“பாஸ்போர்ட்டுல பாதிச் சிரிப்போட இருக்குதே, அத ஒத்துக்கிட்டாங்களே?” என்று கேட்டேன்.

“அது நம்ம ஆளுங்க, பாத்ததும் புரிஞ்சுக்குவாங்க. இவிங்க ரூல்ஸ்னா ரூல்ஸ்தானுங்க.”

31ஆம் தேதிக்குள் சரியான படம் இல்லாவிட்டால் குணாவின் மனுவைச் சேர்க்க முடியாது, நான் மட்டும் போய்க் கொடுத்துவிட்டு வரலாம் என்றார். “அப்படி ஒரு வழி இருக்குதுங்களா?” என்று கேட்டேன். இருக்கிறதாம்.

ஜனவரி 11, சனி

வீட்டில் பயிற்சி. பீரோ கண்ணாடி முன்னால் உட்கார வைத்து, மூஞ்சியை உம் என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். என்னைப் போல வை என்றேன். ஒரு நொடி வைத்தான், கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தான், குலுங்கிச் சிரித்தான். அதட்டினேன், சிரித்தான். கெஞ்சினேன், சிரித்தான். செத்துப்போன நாய்க்குட்டி மணியை ஞாபகப்படுத்தினேன். முகம் கொஞ்சம் வாடியது, உடனே என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரிச் சிரித்தான்.

“ஏன்டா சாமி, ஒரே ஒரு தடவ சிரிக்காம இருந்தா என்ன?” என்றேன்.

சுவரில் மாலை போட்டு மாட்டியிருக்கும் அப்பா படத்தையும் அம்மா படத்தையும் கைகாட்டினான். இரண்டும் ரேஷன் கார்டுக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கியது, இருவரும் விறைப்பாக இருப்பார்கள். “சிரிக்கலீன்னா மால போட்ருவாங்க” என்றான்.

அப்படி இல்லை என்று விளக்கினேன். என் போட்டோவைக் காட்டி, நான் சிரிக்கவில்லையே, எனக்கு யார் மாலை போட்டார்கள் என்று கேட்டேன். யோசித்தான். நியாயம் என்று பட்டிருக்க வேண்டும், தலையை ஆட்டினான். அப்புறம் மறுபடி கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, என்னைப் பார்த்துச் சிரித்தான்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் நன்றாகப் பொங்கியது. குணா கத்திய கத்தல் தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

சாயங்காலம் சிந்துஜா வீடியோவில் வந்தாள். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுவதைக் காட்டினாள். வீட்டுக்குப் பின்னால் ஒரு காடு இருக்கிறதாம், அதில் நடக்கப் பாதை போட்டிருக்கிறார்களாம். “உனக்குப் புடிக்கும்மா, நீ பாட்டுக்குத் தனியா எவ்ளோ தூரம் வேணாலும் நடக்கலாம்” என்றாள். போனை வைத்த பிறகும் அந்தக் காட்டையே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஐம்பத்தேழு வயது. தனியாக நடந்து போன இடம் என்று யோசித்தால் மீட்டர் பார்க்கப் போன தெருக்கள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

ஜனவரி 16, வியாழன்

ஈரோடு போய் எனக்கு ஒரு கம்பளிக் கோட்டு வாங்கினேன். குளிருக்கு நல்ல கனம். குணாவுக்கு விசா நிச்சயமானதும் பார்த்துக்கொள்ளலாம்.

ஜனவரி 17, வெள்ளி

குணாவைக் கூட்டிக்கொண்டு பெருந்துறை இல்லத்துக்குப் போனேன். ஒரு பார்வை பார்த்து வைப்பதில் தப்பு ஒன்றும் இல்லையே.

நன்றாகத்தான் இருக்கிறது. தரை பளிச்சென்று இருக்கிறது, பாத்ரூமில் நாற்றம் இல்லை. பொறுப்பாளர் ஸ்டெல்லா என்கிற அம்மாள், என் வயதுதான் இருக்கும், ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். முற்றத்தில் சிலர் கேரம் ஆடினார்கள். குணா போனவுடன் எல்லாருக்கும் கை கொடுத்தான், என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒரு சுற்று சுற்றி வந்தான். சாம்பார் சாதம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

ஜன்னல் பக்கத்தில் குணா வயசில் ஒருவர், அதே மாதிரிக் கண், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். யாரையும் பார்க்கவில்லை. “அவர் மாரியப்பனுங்க. நெம்ப அமைதி. ஒரு தொந்தரவும் கெடையாது” என்றார் ஸ்டெல்லா அம்மாள்.

“புதுசா வர்றவங்க அழுவாங்களா?”

“மொதல்ல கொஞ்ச நாளு இருக்கும். அப்பறம் பழகிக்குவாங்க. இவருக்கு அந்தக் கவலையே வேண்டாமுங்க. வந்ததுல இருந்து சிரிச்ச மொகமா இருக்காரே.”

அதைத்தான் நானும் நினைத்தேன். ஊரே சொல்வதுதான், குணாவை எங்கே விட்டாலும் சந்தோஷமாக இருப்பான் என்று. அவனுக்கு இந்த இடம், அந்த இடம் என்ற பேதம் கிடையாது. பெரியவர்களுக்கு இருக்கிற கவலை ஒன்றும் அவனுக்கு இல்லை. பஸ்சில் திரும்பி வரும்போது மனசு லேசாக இருந்தது.

ஜனவரி 20, திங்கள்

ஈரோட்டில் பெரிய ஸ்டுடியோ. வெளிநாட்டுப் படத்துக்கு அவர்கள்தான் என்று தனபால் அனுப்பினார். அங்கே இருந்த பெண் கெட்டிக்காரி. குணாவைச் சிரிக்காமல் வைக்க வாயில் நெல்லிக்காய் கொடுத்தாள். முகத்தைச் சுளித்தான், கண்ணை மூடினான், அதுவும் விதிப்படி ஆகாது. ஒரு பஸ் விபத்து வீடியோவைக் காட்டினாள், டிரைவருக்காக வருத்தப்பட்டான், நிமிர்ந்து என்னைப் பார்த்ததும் பழையபடி ஆகிவிட்டான். நான் வழக்கம்போல அவளுக்குப் பின்னால் நின்று, “வாய மூடு, வாய மூடு” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அந்தப் பெண்ணே சிரித்துவிட்டாள். “இவருக்குச் சிரிப்புதான்க்கா மூஞ்சியே” என்றாள்.

வீட்டுக்கு வந்து சிந்துஜாவிடம் சொல்லிவிட்டேன். முயற்சி செய்தாயிற்று, போட்டோ சரிப்பட்டு வரவில்லை, மாமாவை இல்லத்தில் விட்டுவிட்டு வருகிறேன் என்று.

“மாமா இருந்துக்குவாராம்மா?”

“அவனுக்கென்ன, எங்கிருந்தாலும் சிரிச்சுட்டு இருப்பான்.”

“சரிம்மா. உன்னால முடிஞ்சதத்தான நீ பண்ண முடியும்.”

அவ்வளவுதான். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. இல்லத்துக்குப் போன் செய்து 29ஆம் தேதி கொண்டுவந்து விடுவதாகச் சொன்னேன். ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

ஜனவரி 22, புதன்

குணாவின் துணிகளை எடுத்து வைத்தேன். எதற்கு என்று கேட்டான். ஊருக்கு என்றேன். “அக்கா?” என்றான். அக்கா வேறு ஊருக்கு, கொஞ்ச நாள், என்றேன். சிரித்தான். புரிந்ததா என்று தெரியவில்லை. துணியை நான் மடித்ததை விட நன்றாக மடித்து அடுக்கினான்.

ஜனவரி 24, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

இல்லத்தில் சேர்க்க குணாவின் போட்டோவும் ஆதார் நகலும் கேட்டார்கள். சிரிக்கிற படமே போதும், அடையாளத்துக்குத்தான் என்றார் ஸ்டெல்லா அம்மாள். எனவே சம்பத் ஸ்டுடியோவுக்கே போனேன். கண்ணில் கை வைத்தால் தொலைத்துவிடுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். “இல்லீங்க்கா, எப்படி இருக்காரோ அப்படியே எடுத்துத் தர்றேன்” என்றார். குணாவை ஸ்டூலில் உட்கார வைத்து விளக்குகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை சிரிக்காதே என்று அதட்டுகிற வேலை எனக்கு இல்லை. சும்மா நிற்பானேன், அதற்குள் ஆதாரை ஜெராக்ஸ் எடுத்து வந்துவிடலாம் என்று எதிர்க்கடைக்குப் போனேன். குணாவிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. ஜெராக்ஸ் கடையில் ஸ்கூல் பிள்ளைகள் கூட்டம், மெஷின் வேறு மக்கர் பண்ணியது. கொஞ்சம் நேரம் ஆகிவிட்டது.

திரும்பி வந்தேன். வாசலில் என்னைப் பார்த்ததும் குணா வாய் நிறையச் சிரித்து எழுந்து நின்றான். சம்பத் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். “அக்கா, கெடச்சிருச்சுங்க” என்றார்.

“என்னது?”

“விசாவுக்குக் கேட்ட படம். வந்து பாருங்க.”

போய்ப் பார்த்தேன். தலை நேராக இருந்தது. கண் இரண்டும் திறந்து நேராகப் பார்த்தன. வாய் மூடியிருந்தது. மச்சம் இருந்தது. கண் அவன் கண்தான், ஓரத்தில் ஏறிய கண். விதியில் சொன்ன எல்லாமே இருந்தன. ஆனால் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. ஒரு நிமிஷம் இதிலும் ஏதோ வேலை பண்ணிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

“என்ன பண்ணீங்க, சம்பத்து?”

“ஒண்ணும் பண்ணலீங்க்கா. சத்தியமா கை வைக்கல. நீங்க வெளிய போனீங்களா, அவரு வாசலையே பாத்துட்டு இருந்தாரு. கேமராவுக்கு நேர் பின்னாலதான வாசல். அதான் பார்வ நேரா உழுந்திருச்சு.”

எடுத்த படங்களை வரிசையாகக் காட்டினார். முதல் படத்தில் சிரிப்பு இருக்கிறது, நான் அப்போதுதான் படி இறங்கியிருப்பேன். அடுத்ததில் சிரிப்பு உதட்டில் மட்டும் இருக்கிறது. அடுத்ததில் வாய் லேசாகத் திறந்து, ஏதோ கேட்பதுபோல இருக்கிறான்.

“இங்க என்ன கேட்டான்?”

“அக்கா வருமான்னாருங்க. வருவாங்க சார்னேன். அப்பறம் எதுவும் பேசல. நான் கூப்புடறேன், கைதட்டறேன், வெளையாட்டுக் காட்டறேன், என்னத் திரும்பியே பாக்கலீங்க.”

அதற்கடுத்ததுதான் அந்தப் படம்.

சோகம் என்று சொல்ல முடியாது. அழுகை இல்லை, பயம்கூட இல்லை. ஒன்றுமே இல்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லாரும் போன பிறகு வீடு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். “தண்ணி குடிக்கறீங்களா?” என்று சம்பத் கேட்டார். குணா என் தோளில் கையை வைத்துக்கொண்டு, படத்தைப் பார்க்காமல், என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

நாற்பத்தொரு வருஷமாக இவனைத் தெரியும் எனக்கு. அம்மாவுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். சிரித்துக்கொண்டே இருப்பவன் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னோம். நாங்கள் யாராவது பக்கத்தில் இருந்தபோது பார்த்ததை வைத்துச் சொன்னோம். இந்த முகத்தை நான் எப்படிப் பார்த்திருக்க முடியும். நான் பார்க்கப் போனால் அது இருக்காது.

படத்தை வாங்கிக்கொண்டு நேராகத் தனபால் ஆபீசுக்குப் போனேன். அளவுகோலை வைத்துப் பார்த்தார். “அருமையான படமுங்க்கா. சாம்பிளுக்கு மாட்டி வெக்கலாம்” என்றார். அவரைத் திட்டிவிட்டேன். பாவம், ஏன் என்று அவருக்குத் தெரியாது.

ஜனவரி 25, சனி

இல்லத்துக்குப் போன் செய்தேன். இடம் வேண்டாம், வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன்.

“விசா கெடச்சிருச்சுங்களா?” என்றார் ஸ்டெல்லா அம்மாள்.

“இனிமேத்தான் மனுவே கொடுக்கோணும்.”

“அப்ப கெடைக்கலீன்னா?”

“நானும் போகலீங்க.”

கோபித்துக்கொள்ளவில்லை. நல்லது என்றார். வைக்கப் போனவரை நிறுத்தி, ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாரே மாரியப்பன், அவரைப் பார்க்க யாராவது வருகிறார்களா என்று கேட்டேன்.

“அவங்க அண்ணன் வருசத்துக்கு ஒருக்கா வருவாருங்க. அன்னைக்குப் பாக்கோணுமே, காலைல இருந்து ஒரே சிரிப்பு.”

சிந்துஜாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. வந்தால் இரண்டு பேரும் வருகிறோம், மாமாவுக்குக் கிடைக்காவிட்டால் நானும் வரவில்லை என்றேன். அவள் அழுதாள். முதல் பிரசவம், எட்டாம் மாதம், அம்மா வருவாளா மாட்டாளா என்று தெரியாமல் இருக்க வேண்டும். அழத்தான் செய்வாள். எனக்கும் அவளிடம் போக வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பேரனோ பேத்தியோ, முதலில் கையில் வாங்குகிறவள் நானாக இருக்க வேண்டும் என்று எத்தனை ஆசைப்பட்டேன். அந்தக் காட்டுப் பாதையில் தனியாக நடக்க வேண்டும் என்றும் ஆசைப்பட்டேன். அதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

“நேத்து வரைக்கும் மாமா இருந்துக்குவாருன்னு சொன்னியேம்மா” என்றாள்.

போட்டோவை அவளுக்கு அனுப்பினேன். அரைமணி நேரம் கழித்து ஒரே வரி பதில் வந்தது. “கூட்டிட்டு வா.”

ஜனவரி 26, ஞாயிறு

எடுத்து வைத்த துணியை எல்லாம் குணா மறுபடி பீரோவில் அடுக்கினான். ஈரோடு வரை போய் அவனுக்கும் ஒரு கம்பளிக் கோட்டு வாங்கினோம். மஞ்சள்தான் வேண்டுமாம். இருட்டிலும் தெரிகிற மஞ்சள்.

ஜனவரி 31, வெள்ளி

சென்னை. மனுக்களைக் கொடுத்தாயிற்று. கவுண்ட்டரில் இருந்தவர் குணாவின் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தையும் சொல்லாமல் ஒட்டினார். கைரேகை எடுத்த பெண்ணுக்குக் குணா ஒவ்வொரு விரலுக்கும் நன்றி சொன்னான். ரயிலில் திரும்புகிறோம். அவன் ஜன்னலோரம் தூங்குகிறான்.

தூங்கும்போது அவன் முகம் எப்படி இருக்கிறது என்று இன்றுதான் கவனித்துப் பார்த்தேன். சாதாரணமாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஒரு தகவலும் இல்லை. புளி கொட்டை எடுத்து வைத்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

குணா குளிக்கப் போயிருந்தபோது நான் சொல்லாமல் மளிகைக் கடைக்குப் போய் வந்தேன். திரும்பி வரும்போது கேட்டுக்கு வெளியே நின்று, மெதுவாக எட்டிப் பார்த்தேன். ஈரத் தலையோடு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதற்குமேல் நிற்க என்னால் முடியவில்லை. “இந்தா வந்துட்டேன்டா” என்று கத்திக்கொண்டே உள்ளே போனேன். இனிமேல் இந்த வேலை செய்வதில்லை.

பிப்ரவரி 19, புதன்

கூரியர் வந்தது. பிரித்தபோது என் பாஸ்போர்ட்தான் முதலில் கையில் வந்தது. அதைத் திறக்காமல் மேஜையில் வைத்துவிட்டு அவனுடையதைத் திறந்தேன். விசா ஒட்டியிருந்தது, அதில் அந்தப் படம். அப்புறம்தான் என்னுடையதைப் பார்த்தேன், எனக்கும் இருந்தது. சிந்துஜாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். “மாமா வர்றேன், ஏரோப்ளேன்” என்று குணா ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னான்.

மார்ச் 2, ஞாயிறு

சென்னை விமான நிலையம். விமானம் ஏற இன்னும் நேரம் இருக்கிறது. குணா பிஸ்கட் தின்றுகொண்டு, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கையாட்டிக்கொண்டிருக்கிறான். மஞ்சள் கோட்டைக் கழற்ற மாட்டேன் என்கிறான், வியர்த்துக் கொட்டுகிறது.

சற்று முன் குடியேற்ற கவுண்ட்டரில் நடந்ததை எழுதி வைக்கிறேன். இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். கண்ணாடிக்குப் பின்னால் இளம் வயது அதிகாரி. என் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் குணாவுடையதைத் திறந்தார். விசாவில் இருந்த படத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். குணா பல் அத்தனையும் தெரிய நின்றுகொண்டிருந்தான்.

“இவர் யாரும்மா?”

“என் தம்பிங்க.”

“இதுல வேற மாதிரி இருக்காரே. சார், கொஞ்சம் சிரிக்காம என்னப் பாருங்க.”

குணா இன்னும் நன்றாகச் சிரித்து, கண்ணாடிக்குக் கீழே இருந்த சந்து வழியாகக் கை கொடுக்கப் பார்த்தான். பின்னால் வரிசை நீண்டுகொண்டே இருந்தது. அதிகாரி மறுபடியும் சொன்னார். அவன் என் பக்கம் திரும்பி, நான் ஏதாவது சொல்வேன் என்று சிரித்தான்.

வேறு வழியில்லாமல் நான் கேட்டேன். “சார், நான் வேணா அந்தத் தூணுக்குப் பின்னால போய் நின்னுக்கட்டுங்களா? நான் கண்ணுல படலீன்னா கொஞ்ச நேரத்துல அந்தப் படத்துல இருக்கற மாதிரியே ஆயிருவானுங்க.”

அதிகாரி என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து அந்தப் படத்தை இன்னொரு முறை, கொஞ்சம் நேரம் எடுத்துப் பார்த்தார்.

“வேண்டாம்மா. நீங்க பக்கத்துலயே நில்லுங்க” என்றார். முத்திரை குத்தி, இரண்டு பாஸ்போர்ட்டையும் ஒன்றாகச் சேர்த்து என் கையில் கொடுத்தார்.